யாரிடம் முதலில் சொல்வது

பத்தாம் வகுப்புக் கணக்கில் சார்புகளின் சேர்க்கை என்று ஒரு பகுதி வரும். ஓர் எண்ணை g-யிடம் கொடுக்க வேண்டும். அது என்ன தருகிறதோ அதை f வாங்கிக்கொள்ளும். மண்ணரையில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் டியூஷன் எடுப்பேன். பகல் முழுக்க அருள்புரத்து பனியன் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்த கண், அந்த நேரத்துக்குப் பாதி மூடியிருக்கும். பக்கத்துப் பட்டறையின் பஞ்சுத் தூசி மெல்ல வந்து மஞ்சள் வெயிலில் மிதக்கும். போர்டில் எழுதிய x கூட எழுந்து அதோடு போய்விடும்போல இருக்கும். எனக்கு அந்த மயக்கம் பிடிக்கும்.

மாணவி ஒருத்தியைக் கூட்டிப்போக வரும் அவளுடைய மாமா, படியிலேயே உட்கார்ந்து பாடம் கேட்பார். பல்லடம் பக்கத்துக்காரர். துணியை நீராவியில் காட்டிச் சுருக்கி எடுக்கிற காம்பாக்டிங் யூனிட்டில் வேலை. ஒரு நாள் கேட்டார்: "ஏனுங்க, எதை முதல்ல செஞ்சாலும் கடைசியில ஒண்ணுதானுங்களே?"

"துணியைச் சுருக்கிட்டு வெட்டறதும், வெட்டிட்டுச் சுருக்கறதும் ஒண்ணுங்களா?" என்றேன்.

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் நான் தொலைந்தேன், வேறென்ன.

அப்புறம் வீட்டில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவர்கள். அவர் வீட்டார் தோட்டமும் மாடும் குலதெய்வமுமாக இருக்கிறவர்கள். இரண்டு வீடும் சம்மதிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே பிடிவாதம். யாரிடம் முதலில் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில், காய்கிற புடவைகளின் நிழலில், அரைத் தூக்கத்தில் கணக்குப் போட்டேன். என் அம்மாவிடம் எதைச் சொன்னாலும் தன் பங்குக்கு மூன்றைச் சேர்ப்பாள்: x + 3. அவருடைய அப்பா எதையும் இரண்டு மடங்காக்குவார்: 2x. எங்கள் விஷயம் ஒன்று. அம்மா முதலில் என்றால் நாலாகி, அவர் அப்பாவிடம் போய் எட்டாகும். அவர் அப்பா முதலில் என்றால் இரண்டாகி, அம்மாவிடம் வந்து ஐந்தாகும். எட்டுச் சண்டைக்கு ஐந்து சண்டை மேல்.

"அப்ப எங்கப்பாகிட்டயே சொல்லிடறேனுங்க" என்றார் அவர், கணக்கைக் காட்டியதும். கணக்குப் படித்த திமிரில் அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர் சொன்னார். சில நாள் கழித்து ஒரு காலையில் அவர் அப்பா யாருக்கும் சொல்லாமல், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா தன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வணக்கமுங்க. பையன் எல்லாஞ் சொன்னானுங்க. உங்க புள்ளையை எங்க ஊட்டுக்குக் கேட்டு வந்திருக்கேனுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அந்த மூன்றுக்குக் காத்திருந்தேன்: அழுகை, வசவு, செத்துப்போன அப்பாவின் பெயர். ஒன்றும் வரவில்லை. உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். அவர் மாதா படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டாவதாக நிற்கிற சார்பின் கைக்கு x வரவே வராது, முதலாவது மாற்றித் தந்ததுதான் வரும் என்று எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். அம்மாவை இரண்டாவதாக நிறுத்தியபோது அது உறைக்கவில்லை. என் ஆசை அவளிடம் வரவில்லை. யாரோ கேட்டு வந்த சம்பந்தம்தான் வந்தது.

"நல்ல மனுசராத்தான் தெரியுதாரு" என்றாள் அம்மா, டம்ளரைக் கழுவிக்கொண்டே. "நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா எம் மக மனசுல என்ன இருக்குன்னு ஊரான் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா, ஏட்டி?"

அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது வேண்டாம் என்று கையசைத்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. காய்ச்சலிலும் லீவு போடாதவள், தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"அவுக சொன்னது கெடக்கட்டும். நீ சொல்லு. அந்தப் பையனை மொத மொத எங்க பாத்தே?"