இறக்குவதற்கும் தூக்குவதற்கும் நடுவில்

“உள்ள எறக்கறதும் நானு, மேல தூக்கறதும் நானு. நடுவுல உங்க சாமிக்கு இன்னா பாப்பா வேல?”

கிரேன் வைத்திருக்கும் ஏழுமலை அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. அப்போது நான் ஒரு கிணற்றின் ஓரத்தில் நின்று, எங்கள் பொக்லைன் மீது கை வைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். சுருக்கென்று இருந்தது. இரண்டே நாளில் ஆண்டவர் பதில் சொன்னார். அதைச் சபையார் எல்லோரும் அறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அப்பா கடப்பாரையும் கூடையுமாகக் கிணறு வெட்டியே எங்களை வளர்த்தவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தினமும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். வெளியூர்க் கம்பெனியில் வேலை கிடைத்தும் போகவில்லை. அப்பாவின் தொழிலையே இயந்திரம் வைத்துச் செய்வோம் என்றேன். வங்கியில் கடன் போட்டு ஒரு பழைய சின்ன பொக்லைன் வாங்கினோம். ஓட்டுவது நான். மேலே நின்று கையசைத்து வழி சொல்வது அப்பா. வேறு வருமானம் இல்லை. அந்த வண்டிதான் எங்கள் சோறு.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பெரியவை. வற்றிப்போன கிணற்றை ஆழப்படுத்த வேண்டுமானால், சின்ன வண்டியைக் கிரேனில் கட்டி அடிவரைக்கும் இறக்கிவிடுவோம். அது உள்ளேயே நின்று பாறையை உடைக்கும். உடைந்த கல்லையும் மண்ணையும் இரும்புத் தொட்டியில் நிரப்பிக் கிரேன் மேலே தூக்கும். வேலை முடிந்ததும் வண்டியையும் அதே கிரேன்தான் தூக்க வேண்டும். வேறு வழியே கிடையாது.

2021, மாசி மாதம். கல்வராயன் மலை அடிவாரத்தில் பச்சையம்மாள் அக்காவின் மேட்டு நிலம். அந்த வருஷம் ஏரியெல்லாம் நிறைந்திருந்தும் அவர் கிணற்றில் மட்டும் தண்ணீர் இல்லை. கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை வண்டியை இறக்கும் முன்பு நான் ஜெபிப்பதைப் பார்த்துவிட்டு அவர் கற்பூரம் ஏற்றினார்.

“நீ உங்க சாமிய கும்புடு, நான் எங்க அம்மன கும்புட்டுக்கறேன். யாரு தண்ணி குடுத்தாலும் என் கரும்பு வாணான்னு சொல்லாது” என்றார்.

அப்போதுதான் ஏழுமலை அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார். வேலையாட்கள்கூடச் சிரித்தார்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன். மறைத்தால் இது சாட்சி ஆகாது. பாறை உடைக்கிற நாட்களில் கிரேனுக்கு வேலை இருக்காது, சும்மா நிற்கும். அதனால் வண்டியை உள்ளே விட்டுவிட்டுக் கிரேனை வேறு இடத்துக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அப்பாவுக்கு அது பிடிக்காது.

“கிரேன் இல்லாத கெணத்துல வண்டிய வுடாதம்மா. நான் வேணான்றேன்” என்றார்.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அப்பாவிடம் அப்படிப் பேசினேன். படித்த திமிர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். செவ்வாய்க்கிழமை ஏழுமலை அண்ணன் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு வேலைக்குப் போனார். அந்த அவசரத்தில், உடைத்துப் போட்ட கல்லையும் மண்ணையும் அவர் தூக்கவில்லை. கிணற்றின் ஒரு மூலையில் அது குவிந்து கிடந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வண்டி திரும்ப இடமில்லாமல் இடித்துக்கொண்டே இருந்தது அந்தக் குவியல்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். மேற்குச் சுவரின் அடியில் உடைத்துக்கொண்டிருந்தேன். பாறையில் கையகலத்துக்கு ஒரு வெடிப்பு விட்டது. அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டு வண்டியின் கண்ணாடியில் அடித்தது.

மேலே பச்சையம்மாள் அக்காவின் குரல் கேட்டது. “யம்மாடி, ஊத்து ஒடைஞ்சிக்கிச்சி. பாருங்க, எல்லாரும் வந்து பாருங்க.”

நானும் சிரித்தேன். ஆண்டவரே, கேட்டதைக் கொடுத்துவிட்டீர் என்று நன்றி சொன்னேன். அரை மணி நேரம் கழித்துக் கீழே பார்த்தபோது வண்டிக்குச் சக்கரமாக ஓடும் இரும்புச் செயினின் கீழ்ப்பாதி தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செயின் நனைந்தால் பரவாயில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் வண்டி பிணம். கிணற்றில் இருந்த மோட்டாரையும் நாங்களே கழற்றி மேலே வைத்திருந்தோம்.

ஏழுமலை அண்ணனுக்கு போன் போட்டேன்.

“ரோட்ட மறிச்சிக்கினு இருக்காங்க பாப்பா. எனக்கு முன்னாடி எல்லாம் கரும்பு டிராக்டர். பின்னாடியும் போவ முடியல. சாயங்காலத்துக்குள்ள வுடமாட்டாங்களாம். கிரேன தலையில தூக்கிக்கினா வர முடியும்?”

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம் அது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் சாலை மறியல். அவர்மேல் தவறு இல்லை, மறித்தவர்கள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. கிரேனை அனுப்பியவள் நான்.

அப்பா கயிற்றைக் கீழே விட்டார். “ஏணில ஏறி வந்துரு சாமி. இடுப்புல கயித்த கட்டிக்க. வண்டி போனா போவுது.”

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. வண்டி போனால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். மறுபடி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் கூலிக்குப் போக வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில்.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஆனால் ஏறவில்லை. இருக்கையிலேயே தலை குனிந்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, நான் திமிர் பண்ணிட்டேன். எங்கப்பா சொன்னதக் கேக்கல. எனக்காக இல்லன்னாலும் அவருக்காக ஒரு வழி காட்டுங்க” என்று மட்டும் சொன்னேன். அழுதேன்.

எந்தக் குரலும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது, மூலையில் கிடந்த அந்தக் குவியல் கண்ணில் பட்டது. இரண்டு நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த குவியல். சுற்றிலும் தண்ணீர் நிற்க, அது மட்டும் உலர்ந்த தீவு மாதிரி நின்றது. கிரேன் அதைத் தூக்கியிருந்தால் இன்றைக்கு இங்கே ஒரு கைப்பிடி மண் இருந்திருக்காது. அதைத் தூக்காமல் விட்டது ஏழுமலை அண்ணன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சமயோசிதம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நேரத்தில் எனக்குப் புத்தி என்று ஒன்று வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

“அப்பா, மேட்டுமேல வண்டிய ஏத்தப் போறேன். சரிவு எப்பிடி இருக்குன்னு மேல இருந்து பாத்துச் சொல்லுங்க.”

அப்பா துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார். “பெரிய கல்ல அடியில போடு. பொடி மண்ண மேல போடாத, ஊறினா வழுக்கும்.”

கூலி வேலையில் முப்பது வருஷம் மண்ணோடு கிடந்தவர் அல்லவா. எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்கும் என்று என் டிப்ளமோவில் சொல்லித்தரவில்லை. அவர் கையசைக்க அசைக்க நான் கல்லை எடுத்து அடுக்கினேன். பக்கெட்டால் அமுக்கினேன். கொஞ்சம் ஏறினேன். மறுபடி அடுக்கினேன். தண்ணீர் பின்னாலேயே ஏறி வந்தது.

பாதி தூரத்தில் இடது செயின் வழுக்கியது. வண்டி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. மேலே யாரோ கத்தினார்கள். “ஏசப்பா” என்றேன். அவ்வளவுதான் வந்தது. கை தானாகப் பக்கெட்டை நீட்டிச் சுவரில் ஊன்றியது. முந்தின நாள் நான் தவறான இடத்தில் உடைத்துவிட்டு, வீண் வேலை என்று விட்ட ஒரு பள்ளம் அங்கே இருந்தது. பக்கெட்டின் பற்கள் சரியாக அதில் மாட்டிக்கொண்டன. அந்தப் பிடியில் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நிமிர்ந்து, மேட்டின் உச்சியில் ஏறி நின்றது.

ஏணியில் மேலே வந்ததும் அப்பா என் இடுப்புக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

அதற்குள் பச்சையம்மாள் அக்கா சும்மா இருக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் வயல் வயலாக ஓடி, தண்ணீர் இறைக்கும் இரண்டு டீசல் எஞ்சின்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவற்றைத் தூக்கி இறக்கியவர்களில் பாதிப் பேர் காலையில் மறியலுக்குப் போய்விட்டு வந்தவர்கள். தோளில் கொடித் துண்டுகூட அப்படியே இருந்தது.

“தண்ணி வரணும்னு வேண்டிக்கினேன், நிக்கணும்னும் இப்ப வேண்டிக்கறேன். எங்க அம்மனுக்கே கொயப்பமா பூடும்” என்றார் அக்கா. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

எஞ்சின்கள் ஓடின. தண்ணீர் மேட்டின் விளிம்பு வரை வந்து அங்கேயே நின்றது. செயினுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மாலை ஐந்து மணிவரை அந்த ஒரு சாண் குறையவில்லை. இறைத்த தண்ணீர் கரும்புக்குப் பாய்ந்தது.

மறியல் முடிந்து ஏழுமலை அண்ணன் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வண்டி மூழ்கியிருக்கும் என்று நினைத்துத் தலை குனிந்துகொண்டே கிரேனிலிருந்து இறங்கினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நான் வுட்டது அடியில. இவ்ளோ மேல யாரு பாப்பா தூக்கனது?”

“நடுவுல கொஞ்சம் வேல இருந்துச்சிண்ணா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கொக்கியை இறக்கினார். அன்றிலிருந்து நான் ஜெபித்து முடிக்கும்வரை அவர் கிரேனை முடுக்குவதில்லை.

அந்தக் கிணறு இன்றுவரை வற்றவில்லை. எங்கள் வண்டிக்கும் வேலை ஓயவில்லை. ஆனால் நான் பெற்ற பெரிய நன்மை வேறு. “உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்ற வார்த்தையை என் வாயிலிருந்து ஆண்டவர் எடுத்துவிட்டார். அப்பா சொல்லாமல் இன்று எந்த வேலையும் ஒப்புக்கொள்வதில்லை. ஓய்வான நேரங்களில் வண்டியின் லீவர்களை அவருக்குப் பழக்கினேன். என்னைவிட நிதானமாக ஓட்டுகிறார்.

உங்களில் யாருக்காவது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம். உதவி வர வேண்டிய வழி மறிக்கப்பட்டிருக்கலாம். உங்களுக்கு இடைஞ்சலாகக் கிடக்கிற குவியலை ஒருமுறை ஜெபித்துவிட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன், பிழைத்தேன்.

கல்வராயன் மலைமேல் ஒரு சிற்றூரில் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிரேன் ஓட்டவும் கற்று, போன மாதம் உரிமம் வாங்கிவிட்டேன். ஏழுமலை அண்ணன் தன் கிரேனின் சாவியை நேற்று என் கையில் கொடுத்தார். இன்று காலை பொக்லைனை லாரியில் ஏற்றி மலைக்கு அனுப்பியாயிற்று. நாளை அந்தக் கிணற்றுக்குள் வண்டியில் உட்கார்ந்து இறங்கப்போகிறவர் அப்பா. இறக்குவதும் நான், தூக்குவதும் நான். நடுவில் யார் என்று எனக்குத் தெரியும்.