ஆண்டவரிடம் சொன்ன லா

சபையில் வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கு நிற்கிறவள்தான் நான். ஆனால் ஜெபத் தமிழ் வேறு. மற்ற அக்காமார்கள் கண்ணை மூடினால் போதும், ‘தேவரீர்’, ‘அடியாள்’, ‘கிருபை’ என்று மடமடவென வரும். நான் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு கிறிஸ்தவளானவள். என் பேச்சில் பாதி தமிழ், பாதி மலாய்; பேச்சு முடிகிற இடத்தில் ஒரு ‘லா’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதில் ஜெபித்தால் ஆண்டவருக்கு மரியாதைக் குறைவு என்று உள்ளுக்குள் உதறல். என் முறை வரும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போய்விடுவேன்.

போன வருடம் என் வீட்டுக்காரருக்கு இதய அறுவை சிகிச்சை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற முரட்டு ஆள். ஈப்போ மருத்துவமனையில் அன்று காலை பச்சை அங்கியோடு படுத்திருந்தவர், போதகர் வந்து ஜெபிக்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். போதகரோ கோப்பெங்கிலிருந்து வரும் வழியில் ஜாமில் மாட்டிக்கொண்டிருந்தார். தாதி வந்து வந்து எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு விட்டால் மறுபடி எப்போது இடம் கிடைக்குமோ தெரியாது. அதுவரை அந்த இதயம் தாங்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! நல்லா நாலு வார்த்தை கேட்கலாம் என்று அவர் கையைப் பிடித்தேன். சில்லிட்டுப் போயிருந்தது. இந்த மனுஷன் பயந்து நான் பார்த்ததே இல்லை.

“நீயே ஜெபம் பண்ணேன்” என்றார்.

என் வெட்கமா பெரிது, இவரா பெரிது? கண்ணை மூடினேன். தேவரீர் வரவில்லை. வந்தது இதுதான்.

“ஆண்டவரே, இவரு ரொம்ப பயந்து போயிருக்காரு. நானுந்தான். ஒங்களுக்குத் தெரியாததா? டாக்டரு கூடவே நீங்களும் உள்ள போங்க. இவர நல்லா ஜாகா பண்ணி, பத்திரமா எங்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க லா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஐயையோ, மீன்காரனிடம் போடுகிற லாவை ஆண்டவரிடம் போயா போட்டேன்? கண்ணைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. திறந்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரம். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஆமென் போட்டார். பிறகு தாதியைத் தானே கைகாட்டிக் கூப்பிட்டு, போலாம் என்றார்.

கதவு மூடியது. வெளியே உட்கார்ந்து என் நெஞ்சில் படபடப்பைத் தேடினேன், காணவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று. அவர் கேட்டுவிட்டார் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கேண்டீனுக்குப் போய் ரொட்டி சானாய் வாங்கி வயிறாரச் சாப்பிட்டேன்.

அவர் கண் விழித்துப் பேச ஆரம்பித்த அன்று, போதகர் கட்டிலருகே நின்று வேதாகமத்தைத் திறந்தார். இவர் மெதுவாகக் கையை உயர்த்தித் தடுத்தார்.

“இருங்க பாஸ்டர். மொதல்ல அவ பண்ணட்டும்.”