திருநள்ளாறு பேருந்தில் நிலாக் கல்

இன்று சனிக்கிழமை. திருநள்ளாறு பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். திருவேட்டக்குடியில் மீன் விற்பவராம்.

"நிலாக் கல்ல ஆராய்ச்சி பண்றேங்க."

சட்டென்று கையை நீட்டினார். "கோவிச்சுக்கிட்டுப் போன எம்மவ எங்கூடப் பேசியே வருஷமாவுது. எந்தக் கல்லு போட்டா பேசுவான்னு பாத்து சொல்லும்மா."

சனிக்கிழமையில், அந்தப் பேருந்தில், மோதிரக் கல்லைத் தவிர வேறு எதை நினைப்பார்?

"மோதிரக் கல்லு இல்லீங்க. நிலாவுலேர்ந்தே வந்த கல்லு. அங்க ஒரு காலத்துல எரிமலை இருந்துச்சு. கல்லுல என்னென்ன கலந்திருக்குன்னு பாத்தா, அந்த நெருப்புக் குழம்பு எவ்வளவு ஆழத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரியும்" என்றேன்.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. என் கை மேல் வைத்துக்கொண்டார்.

"நிலாவுக்குள்ள அவ்ளோ ஆழத்துல கொதிச்சுச்சா?"

"ஆமாங்க."

"அதுவே ஆறிடுச்சில்ல?"

"ஆறிடுச்சுங்க."

"அப்ப எம்மவளும் ஆறிடுவா."

இறங்கும்போது, எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்.

நிலா ஆறுவதற்கு எத்தனை கோடி வருஷம் ஆனது என்று நான் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?