அவள் பெயரை எழுதி அழித்த ஞாயிறு

ஜனவரி மாதம், ஒரு ஞாயிறு, காலை ஒன்பது இருபது. ஆலயத்தில் விண்ணப்ப ஜெபம் நடந்துகொண்டிருந்தது. போதகர் நோயாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து வந்தார். பிறகு என் மகளின் பெயரை வாசித்தார். அவளுக்கு என்ன என்பதையும் சேர்த்தே வாசித்தார். அந்த வரியை நான் இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் பாடகர் குழுவில் முன்வரிசையில் இருந்தாள். பாட்டுப் புத்தகத்தை மூடி இருக்கையில் வைத்தாள். நடுப்பாதை வழியாக நடந்து வெளியே போனாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் மூடியிருக்க வேண்டியவன்தான்.

நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி ஆசிரியை. ஒரே மகள், இருபது வயது. கோவையில் படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் திரும்பி வந்திருந்தாள். வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மனம் தாங்காமல் என் மனைவி பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அழுது சொல்லிவிட்டாள். அங்கிருந்து அது சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவுக்குப் போனது. அங்கிருந்து போதகரின் கைக்கு வந்தது.

ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்குப் புரியாமல் போன இடமே அதுதான். போன வருடம் எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது இதே குழுதான் எனக்காக ஜெபித்தது. இதே சகோதரிகள்தான் மழையில் நனைந்தபடி மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுவந்தார்கள். அவர்களுடைய அன்பு எனக்கு மருந்தாக இருந்தது. என் மகளுக்கு மட்டும் அது ஏன் காயமானது?

அந்த வாரம் முழுவதும் போன் ஓயவில்லை. ஒருவர் உபவாசம் இருக்கச் சொன்னார். ஒருவர் ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்து அவள் நெற்றியில் தடவப் போனார். அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரர், "பாப்பாவுக்கு இப்போ பரவாயில்லீங்களா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள்: "உங்க ஜெபத்துல என் பேரு வந்தா, கடவுள்கிட்டப் போறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குப் போயிருதுங்கப்பா."

"அப்படிப் பேசாதே கண்ணு. கடவுளே வேண்டாங்கறியா?"

"அவரை நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவரு கூட நான் பேசிக்கறேன். நடுவுல இத்தனை பேரு எதுக்கு? இன்னொருக்கா அந்தக் குரூப்ல என் பேரு வந்துச்சுன்னா நான் இந்த ஊட்டுலயே இருக்கமாட்டேன்."

அதன் பிறகு அவள் ஆலயத்துக்கு வரவில்லை. பாடகர் குழுவில் அவளுடைய தோழிகள் சிலரும் வருவதை நிறுத்தினார்கள். "எல்லாம் செல்போன் பண்ற வேலை, பிரதர்" என்றார் ஒரு மூப்பர். இருக்கலாம் என்று தலையாட்டினேன். ஆனால் ஞாயிறு காலை நாங்கள் ஆலயத்துக்குக் கிளம்பும் அதே நேரத்தில் அவளும் கிளம்புவாள். எங்கே என்று சொல்லமாட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவாள். செருப்பில் ஈரமண் ஒட்டியிருக்கும். முகம் மட்டும் போனபோது இருந்ததைவிடத் தெளிவாக இருக்கும். அதற்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஜூலை மாதம் அப்படிப் போனவள் ஒரு ஞாயிறு திரும்பவில்லை. காலையிலிருந்தே காற்றும் மழையும். மூன்று மணி ஆனது. போன் அணைந்திருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் "சாப்பிட்டியா?" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. அவள் உடல்நிலை எங்களுக்குத் தெரியும். எங்கள் இருவர் மனதிலும் என்ன ஓடியது என்பதை வாய்விட்டுச் சொல்ல எங்களால் முடியவில்லை.

"ஏனுங்க, குரூப்ல போடுங்க" என்றாள் மனைவி. "ஜீப் வச்சிருக்கறவங்க இருக்காங்க, போலீஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க. எல்லாரும் ஜெபிப்பாங்க, தேடுவாங்க."

அவள் சொன்னது நியாயம். நானும் போனை எடுத்தேன். 'அவசர ஜெப விண்ணப்பம்' என்று அடித்தேன். அடுத்து மகளின் பெயரை அடித்தேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன்.

"பொண்ணைவிட அவ சொன்ன சொல்லு பெருசாப் போச்சுங்களா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள்.

இருட்டும்வரை பார்ப்பது, பிறகு காவல் நிலையம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஊட்டியிலிருந்து வர வேண்டிய பஸ்கள் வரவில்லை. எங்கெங்கோ மரம் விழுந்திருக்கிறது என்றார்கள். குடையைக்கூட விரிக்காமல் நின்றேன். எனக்கு ஜெபம் வரவில்லை. முப்பது வருட விசுவாசி நான். கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னால் நிறுத்த மறந்துவிடுவேன். அன்று வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் யாரிடமும் சொல்லவில்லை. உம்மிடம் மட்டும் சொல்கிறேன். நீர் ஒருவர் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையைக் கொண்டுவாரும்."

இது விசுவாசமா, அவிசுவாசமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவர் அதைக் கேட்டார். அதற்காகத்தான் பத்திரிகைக்கு இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

இதை எழுதும் நாள்வரை என் மகள் ஆலயத்துக்குத் திரும்பவில்லை. "அவ ஆண்டவர்கிட்டத் திரும்பி வந்துட்டாளா, பிரதர்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? அவரைவிட்டு அவள் போனாளா என்பதே எனக்குத் தெரியாது. இந்தச் சாட்சியைப் படித்துப் பார்த்து, பெயரையும் ஒரு பத்தியையும் எடுத்துவிட்டு, "போடலாம்" என்று சொன்னவள் அவள்தான். எனக்குக் கஞ்சி கொண்டுவந்த சகோதரி ஒருவர், "நாங்க அவளுக்காக ஜெபிச்சது தப்பா?" என்று கண் கலங்கக் கேட்டார். இல்லை என்றேன். அதையும் மனதாரத்தான் சொன்னேன். இப்போது ஜெபக்கூட்டத்தில் யாராவது பிள்ளையின் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால், "பிள்ளை சரின்னு சொல்லிச்சுங்களா?" என்று கேட்கிறேன். சிலருக்கு என்மேல் கோபம்தான்.

என்னைப் போல் பயந்துகிடக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பெயரை ஒரு முறையாவது தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் ஒருவர் போதுமா என்ற சந்தேகம் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். ஸ்தோத்திரம், அவர் என்னைத் தள்ளவில்லை.

அந்த ஞாயிறு, பேருந்து நிலையத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியபோது ஊட்டி பஸ் ஒன்று வந்தது. கடைசியாக இறங்கியவள் என் மகள். தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள்.

"போனை எதுக்குக் கண்ணு அணைச்சு வச்சே?"

"ஊட்டி தாண்டிப் பைக்காராவுல இருந்தேனுங்க. எப்பவும் அங்கதான் போவேன், ஏரி தெரியற இடத்துல உக்காந்து கடவுள்கிட்டப் பேசிட்டு வருவேன். இன்னைக்கு ரோட்டுல மரம் விழுந்து பஸ்ஸே வரலை. லேட்டானா நீங்க குரூப்ல போட்டிருப்பீங்கன்னு பயம். ஆன்ல இருந்தா எல்லா ஆன்ட்டியும் கூப்பிடுவாங்கன்னு அணைச்சுட்டேன். மரத்தை எடுத்தப்புறம் ஊட்டி பஸ் வந்துச்சு, ஏறலை. எதிர்ப்பக்கம் போற கூடலூர் பஸ் நின்னுச்சு, அதுல ஏறி எங்கியாச்சும் போயிரலாம்னு இருந்தேன். கடைசியா ஒருக்கா ஆன் பண்ணிப் பாத்தேன். குரூப்ல ஒண்ணுமில்லை. நீங்க அனுப்புன 'சாப்பிட்டியா' மட்டும்தான் இருந்துச்சு. அடுத்த ஊட்டி பஸ்ல ஏறிட்டேன்."

அவள் என் கையிலிருந்த குடையை வாங்கி விரித்தாள்.

"நெசமாவே யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"ஒருத்தர்கிட்ட சொன்னேன்" என்றேன்.

அவள் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

"அவரு பரவாயில்லீங்கப்பா. யாருகிட்டயும் சொல்லமாட்டாரு."