அக்கா கேட்டு வாங்கிய அழுக்கு

என் அக்காவிடம் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து "இது சுத்தம்" என்று சொல்லிப் பாருங்கள். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய், உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பத் துவைக்கப் போடுவாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. ஆபரேஷன் தியேட்டர் துணி முதல் பிரசவ வார்டு போர்வை வரை அவள் கண் படாமல் எதுவும் மேல் மாடிக்குப் போகாது. கிருமிகளோடு தினமும் மல்லுக்கட்டுவதுதான் அவள் உத்தியோகம், இதுவரை அவள்தான் ஜெயித்திருக்கிறாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

அவள் புருஷன், என் மாமா, பஸ் டிரைவர். டெப்போவில் எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே அக்கா சட்டம் போட்டுவிட்டாள்: காயம் ஆறும்வரை வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. கூடப் பிறந்த தம்பி என்னையே சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டாள். காயம் ஆறியது, சட்டம் மட்டும் ஆறவில்லை. பார்க்க வந்த டிரைவர்கள் வாசலோடு திரும்பினார்கள். பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள்.

நாள் முழுதும் ஊர்ப்பட்ட ஜனங்களோடு வாயடித்துக்கொண்டே வண்டி ஓட்டிய மனுஷன் அவர். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியும் வாக்கரைத் தொடமாட்டேன் என்றார். "நடந்து எங்க போகப் போறேன்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் வாய் திறந்து பேசியது மீன் தொட்டியோடுதான். கட்டிலுக்கு எதிரே மேசைமேல் இருந்த அந்தத் தொட்டியில் மீசை வைத்த சின்ன மீன்கள் சில அடிமட்டத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். அதில் பெரியதற்கு மாமா வைத்த பெயர் கண்டக்டர். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கும், ஓர் இடத்தில் நிற்காது. "என்ன கண்டக்டரே, கலெக்‌ஷன் எப்படி?" என்று காலையில் அதனிடம்தான் விசாரிப்பார்.

அந்தக் கண்டக்டருக்கு மீசை தேய ஆரம்பித்ததை முதலில் கவனித்தவர் மாமாதான். நான் மீன் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அடியில் கிடக்கும் சரளைக்கல் முனை குத்திக் குத்தி மீசை போகிறது, இந்த ஜாதி மீன் மண்ணுக்குள் மூக்கை விட்டுத் தின்னுகிற ஜாதி, கல்லை எடுத்துவிட்டுப் பொடிமணல் போடுங்கள் என்றார். மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசச் சொன்னார். தொட்டித் தண்ணீரில் பாதியைப் பத்திரப்படுத்தச் சொன்னார். தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் பஞ்சைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவிக்க ஒருத்தி இருப்பாள் என்று எந்தக் கடைக்காரருக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை மணல் மூட்டையோடு போனேன். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளிக்கு மாற்றினோம். கல்லை வாரும்போது அடியிலிருந்து பழுப்பாகக் குழம்பு போல ஒன்று கிளம்பியது. அக்கா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இத்தனை நாளா இதுலயாடா இதுங்க குடித்தனம் பண்ணிச்சு?"

"பாதித் தண்ணிய வெச்சுக்கச் சொன்னாரு அக்கா."

"சொல்லுவாரு, அவரா குடிக்கப் போறாரு? ஊத்துடா கீழ."

கட்டிலிலிருந்து மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க, துவைக்கறது என் வேலை" என்று அடக்கிவிட்டாள். மணலை அவள் அலசியது அலசலே இல்லை, தண்டனை. கண்ணாடியைத் தேய்த்தாள். பஞ்சைக் கொதிக்க வைத்துப் பிழிந்தாள். குளோரின் போவதற்காக முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை, மணல் கலையாமல் ஒரு தட்டின்மேல் மெல்ல ஊற்றினாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் கை தனி. சாயங்காலம் தொட்டி நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி போலப் பளபளத்தது.

"இது தொட்டி. கீழ் வீட்டுல இருக்கே, அது சாக்கடை" என்றாள்.

கீழ் வீட்டில் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவரிடமும் ஒரு தொட்டி உண்டு, பாசி படர்ந்து பச்சையாக இருக்கும். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பொறுக்காமல் அக்கா ஒருமுறை தேய்ப்பதற்குப் பிரஷ் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். மனுஷன் அதை வாங்கிப் பூட்டுத் துடைக்க வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து படியில் எதிர்ப்பட்டாலும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டொரு நாள்தான் போயிருக்கும். மாமாவே எனக்குப் போன் செய்தார். படுத்ததிலிருந்து அவர் தானாக யாருக்கும் போன் செய்ததில்லை.

"மாப்ள, ஒண்ணு போயிடுச்சு. கண்டக்டரும் மூச்சுக்குத் தவிக்கிறாரு. சீக்கிரம் வாடா."

ஓடினேன். தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். மாமா தொட்டியைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் போனால் மாமாவின் பேச்சும் போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பஞ்சை என்ன பண்ணீங்க?" என்றார் எடுத்த எடுப்பில்.

"வெந்நீர்ல கொதிக்க வெச்சேன்" என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். மீன் கழிவு விஷமாகும், அதைத் தின்று தீர்ப்பது பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கிற நல்ல கிருமி, அதைத்தானம்மா வேரோடு அழித்துவிட்டீர்கள்.

நல்ல கிருமி! அக்கா வாழ்நாளில் கேட்டிராத சொல். தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள், முக்கியமாக நாள்பட்ட தொட்டி ஒன்றிலிருந்து அழுக்குப் பஞ்சு வாங்கிப் போடுங்கள் என்றார் அவர். "என் தொட்டிங்கள்ல மருந்து ஊத்தியிருக்கேன், அந்தப் பஞ்சு உதவாது. பக்கத்துல யாராச்சும் பழைய தொட்டி வெச்சிருக்காங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள்.

"நான் போய்க் கேக்கறேன்" என்றேன்.

"வேணாம். கெடுத்தது நான்." கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். எனக்கு அவள்மேல் எத்தனையோ கோபம் உண்டு, ஆனால் இந்த ஒரு குணத்துக்காக அவள் காலில் விழலாம். தப்பு தன்னுடையது என்றால் ஆள் அனுப்பமாட்டாள்.

பின்னாலேயே போனேன். பூட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

"உங்க தொட்டி அழுக்கு எனக்குக் கொஞ்சம் வேணும்" என்றாள் அக்கா, கொடுத்த கடனைக் கேட்பவள் மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டார். சாவதானமாகத் தன் பஞ்சை எடுத்துக் கத்தரியால் பாதியாக வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு கிண்ணத்தில் போட்டார். "நீங்க போட்டா பிழிஞ்சிடுவீங்கம்மா. நானே வந்து போடறேன்" என்றார். அக்காவுக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் வழிவிட்டாள்.

பழுப்பு ஒழுகும் அந்தப் பஞ்சை அவர் ஃபில்டருக்குள் செருகியபோது, அவள் மாற்றி ஊற்றிய தண்ணீரில் அழுக்கு புகைபோலப் பரவியது. அக்கா தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமா தலையைத் திருப்பினார். "யாரது? பூட்டுக்காரரா? நம்ம வண்டியில ஏறி எப்பவும் சில்லறை இல்லம்பீங்களே, நீங்கதானே?"

"சில்லறை இருக்கும். பூட்டின பெட்டியில இருக்கும்."

மாமா சிரித்தார். வயிறு குலுங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார். பஞ்சு வேலை செய்கிறதா பார்க்க வேண்டும் என்று சாக்கு. அடுத்தடுத்த நாட்களிலும் வந்தார். தண்ணீர் தெளிந்தது. இன்னும் ஒரு மீன் போயிற்று, மற்றவை பிழைத்தன. கண்டக்டர் கீழே இறங்கி, மணலுக்குள் கண்வரை மூக்கைப் புதைத்து, செவுள் வழியாக மணலைத் துப்பிக்கொண்டே ரூட்டில் கிளம்பினார். "அங்க பாருங்க, கிளம்பிட்டாரு!" என்று மாமா கத்தினார். கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம். வாக்கரைக் கேட்டார். பூட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கட்டிலிலிருந்து மேசைக்கு மாமா நடந்தார்.

அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். மீனைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையும், பக்கத்தில் நின்ற பூட்டுக்காரரின் கிரீஸ் படிந்த கையையும், அந்தக் கை பிடித்திருந்த மாமாவின் வெள்ளைச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டையில் கறை ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண் நிறைந்தது.

பூட்டுக்காரர் கிளம்பும்போது சொன்னார்: "இனி பயமில்லம்மா, தொட்டி தேறிடுச்சு. நான் வரத் தேவையில்ல."

"தொட்டிக்குத் தேவையில்ல" என்றாள் அக்கா. "நீங்க வாங்க. டெப்போ ஆளுங்க யாரையாச்சும் பார்த்தா அவங்களையும் வரச் சொல்லுங்க."