தபசு மரத்தடியில் அக்கா படுக்காத ஆண்டு

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அதன் இரு பக்கமும் பேசக்கூடியவன் நான். எட்டாம் வகுப்பிலிருந்து அதற்காகவே பழக்கப்பட்டவன். எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தினால் பின்வரிசை முன்னால் சாயும், எந்த இடத்தில் நிறுத்தினால் கைத்தட்டல் தானாக எழும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்திருந்தது. கல்லூரியை முடிப்பதற்குள் சித்தூரிலும் திருப்பதியிலும் நான் ஏறாத தமிழ் மேடை இல்லை என்ற நிலை வந்திருந்தது. அந்தப் பெருமிதத்தோடுதான் அந்தச் சனிக்கிழமை திருச்சானூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினேன்.

திருப்பதியிலும் ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு மே மாதமும் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கோடைக் கலை விழா நடத்துவார்கள். காலையில் பிள்ளைகளின் கோலாட்டம். பிறகு வயலின். அதன்பின் பக்கத்துத் தெருத் தெலுங்குப் பெண்கள் நால்வர் சேர்ந்து பாடிய கீர்த்தனை. மதியம் பந்தி. நான்கு மணிக்குப் பட்டிமன்றம். யார் எந்த அணி என்பதை அரைமணி நேரம் முன்னதாக மேடையிலேயே சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது அந்த விழாவின் வழக்கம். ஆகவே பேச்சாளர்கள் இரண்டு பக்கத்துக்கும் தயாராக வருவோம். எனது சட்டையின் வலது பையில் ஒரு குறிப்பும் இடது பையில் அதற்கு நேர் எதிரான இன்னொரு குறிப்பும் இருந்தன. தலைப்பு: நம் ஊர்த் திருவிழாக்கள் வளர்ப்பது கலையையா, மூடநம்பிக்கையையா?

அக்கா நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பங்காருபாளையத்தில் கட்டிக்கொடுத்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மாமாவுக்கு மாங்காய் மண்டியில் வேலை. சீசனில் தலை நிமிர நேரமிருக்காது. எனவே அக்கா மட்டும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய மாம்பழத்தோடு பஸ்ஸில் வந்திருந்தாள். பேச்சு முடிந்ததும் இருவரும் புத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. மறுநாள் ஞாயிறு, எங்கள் ஊர் அம்மன் கோயிலில் தபசு.

பதினெட்டு நாள் பாரதக் கூத்தில் எங்கள் ஊர் மற்ற எல்லா நாளையும்விட அதிகமாகக் காத்திருப்பது தபசு நாளுக்குத்தான். பட்டை சீவிய உயரமான பனைமரத்தைத் திடலில் நட்டு, ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள் அடித்திருப்பார்கள். தவசி வேடம் கட்டிய கூத்துக்காரர் பாடிக்கொண்டே உச்சிவெயிலில் அதில் ஏறுவார். குழந்தை வேண்டுகிற பெண்கள் குளித்து, ஈரப்புடவையோடு அந்த மரத்தைச் சுற்றி மண்ணில் குப்புறப் படுத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழங்களை எறிவார். யார்மேல் விழுகிறதோ அவர்களுக்கு வரம். மூன்று ஆண்டுகள் விடாமல் படுக்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். அக்காவுக்கு அது மூன்றாம் ஆண்டு. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, அவள் கையில் மிச்சமிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

முதலாண்டு படுத்து எழுந்த அன்று மாலை, பம்புசெட்டுப் பக்கம் துணி அலசிக்கொண்டே எனக்கு மட்டும் அவள் ஒன்று சொல்லியிருந்தாள்.

"சிரிக்காதடா. எலுமிச்சம்பழம் எனக்கும் பக்கத்துல படுத்துக்கினு இருந்தவளுக்கும் நடுவுல விழுந்துச்சு. அவ பக்கம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. நான் என்னா பண்ணேன் தெரியுமா? முழங்கையால மெதுவா தள்ளி என் பக்கம் இழுத்துக்கினேன். கண்ண மூடிக்கினே. எறும்பு வேற புடுங்கித் துன்னுது. அப்புறம் மனசு கேக்கல, அவளண்டையே தள்ளி வுட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

அன்று இருவரும் சேர்ந்தே சிரித்தோம்.

சனிக்கிழமை மேடையில் நான் எடுத்த சீட்டில் 'மூடநம்பிக்கை' என்று எழுதியிருந்தது. நடுவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், கேலிக்காரர். "தம்பி மூஞ்சியப் பாத்தா எந்தச் சீட்டு வந்தாலும் பரிசு எனக்குத்தான்னு போட்டிருக்குது. பாக்கலாம், பாக்கலாம்," என்றார். மண்டபம் சிரித்தது. நானும் வணங்கிச் சிரித்தேன்.

பேச்சின் முதல் நான்கு நிமிடங்கள் சரியாகவே போயின. ஆனாலும் சபை இன்னும் என் கைக்குள் வரவில்லை என்பதை உணர்ந்தேன். குறிப்பில் இல்லாத ஒன்றைத் தேடியது மனம். தேடியது, கிடைத்தது, யோசிக்காமல் எடுத்தேன்.

"நடுவர் அவர்களே, வரம் கொடுக்கும் கடவுளுக்கு விலாசம் தெரியாதா? மரத்தடியில் ஓர் அம்மா படுத்திருக்கிறார். பழம் பக்கத்து அம்மா வீட்டில் இறங்கிவிட்டது. கூரியர்க்காரர் செய்யும் தவற்றைக் கடவுள் செய்யலாமா? போகட்டும். இந்த அம்மா என்ன செய்தார்? கண்ணை மூடிக்கொண்டே, முழங்கையால், மெதுவாக, மிக மெதுவாக, பார்சலைத் தன் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டார்!"

முழங்கையை நகர்த்தியும் காட்டினேன். மண்டபம் அதிர்ந்தது. நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்காம் வரிசையில் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்குவது நின்றது. கை மட்டும் வாயிலேயே இருந்தது.

அதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். என்ன செய்துவிட்டேன் என்பதும் அந்த நொடியே விளங்கியது. ஆனால் மணி அடிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. முத்தாய்ப்பு மிச்சமிருந்தது. அதையும் சொல்லி முடித்துவிட்டே இறங்கினேன். முதல் பரிசு எனக்குத்தான்.

புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், கால்களுக்கிடையில் மாம்பழப் பெட்டி. ரேணிகுண்டா தாண்டியதும் நானே தொடங்கினேன்.

"ஏங்க்கா பேசாமலே வர?"

"பேசறதுக்குத்தான் நீ இருக்கியே."

"பேரு ஒண்ணும் சொல்லலையேக்கா. யாருக்குத் தெரியும்?"

"எனக்கே தெரியலையேடா. எவளோ ஒருத்தின்னு நானும்தான் சிரிச்சேன். நீ கைய நவுத்திக் காட்ன பாரு, அப்பதான் அது நான்னு தெரிஞ்சுது." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நான் படுக்கப் போறதில்ல."

"அக்கா, இது மூணாவது வருஷம்."

"தெரியும். படுத்தா எனக்கே சிரிப்பு வருமேடா. அங்க சிரிச்சிக்கினா படுக்கறது?"

எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். இடது பக்கச் சட்டைப்பையில் இருந்த 'கலை' அணிப் பேச்சை எடுத்தேன். காகிதத்தை எடுக்கவில்லை, அதிலிருந்த பேச்சு முழுவதும் மனப்பாடம். தனியாக அழுதவர்கள் ஊர் நடுவே வந்து ஒன்றாகப் படுப்பதே பெரிய காரியம் என்றேன். அவர்களுக்காக ஓர் ஊரே வெயிலில் நிற்கிறதே, எந்த ஆஸ்பத்திரி வாசலில் அப்படி நிற்பார்கள் என்று கேட்டேன். பழம் விழுவது முக்கியமில்லை, கை நீட்டத் தைரியம் வருகிறதே அதுதான் வரம் என்றேன். பஸ் இரைச்சலையும் மீறிக் குரல் ஏறியிருக்க வேண்டும். முன்சீட்டு அம்மாள் திரும்பி, "பாகா செப்பினாவு நாயனா," என்று தெலுங்கில் பாராட்டினார்.

அக்கா முழுவதையும் கவனமாகக் கேட்டாள். "நல்லாத்தான் கீது. சீட்டுல இது வந்திருந்தா இதையே பேசியிருப்ப, இல்ல?"

"ஆமா."

"இதுக்கும் கை தட்டியிருப்பாங்க."

"ஆமாக்கா."

"அப்ப நீ நெசமா நெனைக்கறது எதுடா?"

எத்தனையோ நடுவர்களிடம் எத்தனையோ கேள்விகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லியிருக்கிறேன். இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

ஞாயிறு காலை அம்மா மஞ்சள் நனைத்த புடவையைக் கொடியில் தயாராகப் போட்டிருந்தாள். "ஏண்டி இன்னும் குளிக்காம உக்காந்துகினு கீற?"

"நான் தூரம்மா," என்றாள் அக்கா.

மாதவிலக்கானவள் கோயில் திடலை மிதிக்கக் கூடாது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாத காரணம் அது. ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் அவளை அழவைத்த அந்தச் சொல்லையே அன்று பொய்யாகச் சொன்னாள். அம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து, "இன்னிக்கா? இன்னிக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா, எங்கள் நைனா, எழுந்து வெளியே போய்விட்டார். பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன். உண்மையைச் சொல்வதென்றால் மண்டபத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு திடலுக்குக் கிளம்பினேன்.

திடலில் தெலுங்கு அரிகதை முடிந்து பம்பை மேளம் தொடங்கியிருந்தது. தவசி ஏறுவதற்கு முன் பெண்களை மைக்கில் மூன்று முறை அழைப்பது முறை. பேச்சாளன் என்பதால் சில ஆண்டுகளாக அந்த வேலை என்னுடையது. மைக் செட்டுக்காரர் தூரத்திலிருந்தே கைகாட்டினார்.

"ரா தம்புடு, வாய்யா மேடைப்புலி. நேத்து திருச்சானூர்ல பிச்சு ஒதறிட்டியாமே? வந்து கூப்புடு. ரெண்டு பாஷையிலயும் கூப்புடு. அந்த வெங்கலக் குரலுக்குச் செத்தவனே எந்திரிச்சு வருவான்."

மைக்கை வாங்கினேன். திடலுக்கு வெளியே, தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம், உலர்ந்த புடவையில் அக்கா தனியாக நின்றிருந்தாள். முதல் அழைப்பை முறைப்படி சொன்னேன். பதினோரு பெண்கள் ஈரம் சொட்ட வந்து படுத்தார்கள். பதினோராமவளுக்கும் முதலாமவளுக்கும் நடுவே ஓராள் படுக்கும் அளவு இடம் இருந்தது.

இரண்டாம் அழைப்பில் முறையில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன். "தள்ளி நிற்பவர்களும் வரலாம். அம்மன் யாரையும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. தாயே, வந்து படுக்கலாம்."

பெரியவர்கள் இருவர் திரும்பி முறைத்தார்கள். மைக் செட்டுக்காரர் என் இடுப்பில் கிள்ளினார். "என்னாய்யா புதுசா என்னென்னமோ சொல்ற? கம்னு உள்ளதச் சொல்லு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கேட்டிருந்தது. அந்தத் திடலில் கேட்காத காது ஏது? அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஒரு நல்ல பேச்சாளனைச் சபையில் உட்கார்ந்து பார்க்கும் பார்வை அது.

அந்த நேரத்தில் மாமாவின் பைக் வந்து அவள் பக்கத்தில் நின்றது. மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். பிறகு அவளுடைய பையை வாங்கி பைக்கின் முன்னால் மாட்டினார்.

மூன்றாம் அழைப்பு மிச்சமிருந்தது. தவசி முதல் கட்டையில் கால் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பை நின்றது. 'அக்கா' என்ற ஒரு சொல் போதும் என்று தோன்றியது. அதைச் சொல்ல எனக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனேன். எட்டு ஒலிபெருக்கிகளிலும் என் மூச்சு மட்டும் போனது.

சாலையில் அக்காவை ஏற்றிக்கொண்டு பைக் கிளம்பியது. மைக் செட்டுக்காரர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி மூன்றாம் அழைப்பைத் தானே சொன்னார்.