அறுபத்தொன்றாம் சேர்மம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் 'கிருமி அம்மா' என்று பெயர். மலேரியாக் கிருமிகளை மனித ரத்தத்தில் வளர்ப்பது அவள் வேலை. மேல்மாடியில் கெமிஸ்ட் புதிது புதிதாகச் சேர்மங்கள் தயாரிப்பார். அவற்றைக் கிருமிகள் மேல் விட்டு, இரண்டு நாள் கழித்து எத்தனை பிழைத்திருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வாள். நிறையவே பிழைத்திருக்கும்.

கிருமிகளை அனுப்புகிறவன் அவள் கணவன். பழைய மாத்திரைகள் கேட்காமல் போன ஒரு காட்டுப் பகுதியில், சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளிகளின் ரத்தத்தைக் குப்பிகளில் உறையவைத்து மாதாமாதம் அனுப்புவான். தேதி, வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கும். அவன் கடைசியாக வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பனி படிந்த குப்பியைக் கையுறையால் துடைத்து, அந்த எழுத்தை இன்னொரு தரம் படிப்பாள்.

"ஊர்ல புருஷன்னா பூ வாங்கி அனுப்புவான். உன் வீட்டுக்காரர் காய்ச்சல் அனுப்புறார்" என்பார் கெமிஸ்ட்.

"அதையாவது மாசம் தவறாம அனுப்புறாரே சார்."

ஒருமுறை வந்த பெட்டியில் எல்லாக் குப்பிகளிலும் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். கடைசிக் குப்பியில் 'ஆண், 38'. அவள் கணவனுக்கும் முப்பத்தெட்டுதான். போன் போட்டாள். அங்கே அவனுடன் வேலை பார்க்கும் நர்ஸ் எடுத்தான்.

"சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டார் அண்ணி. காய்ச்சல்தான். மாத்திரை கேக்கல. இப்ப ஊசி கொஞ்சம் கேக்குது."

"அந்தக் கடைசிக் குப்பி?"

"அண்ணனோடதுதான்."

"இப்பவே கிளம்பி வரேன்."

"பாலம் மழையில போயிடுச்சு அண்ணி. பெட்டியவே படகுலதான் அனுப்பினோம், இப்ப அதுவும் ஓடல. ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்க."

அந்த இரண்டு வாரமும் கணவன் குப்பியில் வந்த கிருமிகளைத்தான் வளர்த்தாள். தினமும் அவற்றுக்கு ஆகாரம் மாற்றும்போது ஆத்திரம் பொங்கும். ஆனாலும் ஒரு சொட்டும் சிந்தாமல் மாற்றுவாள். கெமிஸ்ட் கொடுத்தவற்றையெல்லாம் தனித்தனித் தட்டுகளில் ஒரே சமயத்தில் விட்டுப் பார்த்தாள். அறுபத்தொன்றாவதைப் பார்த்தபோது கண்ணாடித் தகட்டில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. மூன்று தடவை திரும்பச் செய்தாள். அப்படியேதான் இருந்தது.

மேலே போய்ச் சொன்னாள். கெமிஸ்ட் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மாத்திரையா வர பத்து வருஷம் ஆகும்மா. வராமலும் போகலாம்."

"தெரியும் சார். எனக்கு லீவு வேணும்."

பாலம் சரியானதும் போய்ச் சேர்ந்தாள். கணவன் வார்டு வாசலில் நின்றிருந்தான். சட்டை தோளில் தொங்கியது.

"மருந்து கொண்டுவந்தியா?" என்று சிரித்தான்.

"இல்ல. நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கேட்க வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவனுக்குப் பின்னால் படுக்கைகள் நிறைந்து, தரையிலும் பாய் விரித்திருந்தார்கள். கேட்கவில்லை. ஒன்பது நாள் இருந்தாள்.

பத்தாம் நாள் பஸ் ஏற்ற வந்தவன் பிளாஸ்க்கில் டீ வாங்கிக் கொடுத்தான். "சூடா இருக்கு, மெதுவா குடி" என்றான். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னலோடு நாலு எட்டு நடந்து வந்தான்.